ஓலிமு என்று சொன்னால் உட்கார வேண்டும்

காலை பத்து மணி நாற்பத்தொரு நிமிடம். அப்போதுதான் எனக்குச் செய்தி வந்தது. நேரத்தை இவ்வளவு சரியாக நான் சொல்வதற்குக் காரணம் உண்டு, மகள். காற்றாலைக்குள் ஏறினால் ஏறிய நேரம், இறங்கினால் இறங்கிய நேரம் இரண்டையும் வேலைப் புத்தகத்தில் எழுத வேண்டும் என்பது எங்கள் விதி. அன்று நான் உச்சியில், இறக்கைகளுக்குப் பின்னால் இருக்கும் இயந்திர அறைக்குள் முழங்காலில் நின்று திருகாணிகளை முறுக்கிக்கொண்டிருந்தேன். முறுக்கி முடித்த ஆணியின் தலையில் சிவப்புப் பேனையால் ஒரு கோடு போட வேண்டும். எட்டு ஆணி மிச்சம். இடுப்பில் வோக்கிடோக்கி கரகரத்தது. எங்கள் சுப்பவைசர் யூட் அண்ணை. சின்ன வயதிலிருந்தே என்னை "டேய்" என்று மட்டும் கூப்பிட்ட மனிதர். என் கலியாணப் பந்தலில், பங்குச் சுவாமியார் பக்கத்தில் நிற்கும்போதும் "டேய் மாப்பிள்ளை" என்றுதான் கூப்பிட்டார்.

"தம்பி, நீங்கள் ஒருக்காக் கீழ இறங்கி வாங்கோ."

"ஏன் அண்ணை? இன்னும் எட்டு ஆணி கிடக்கு."

"அதை விடுங்கோ. ஆறுதலா இறங்குங்கோ. இடுப்புப் பட்டியைச் சரியாப் பூட்டிக்கொண்டு வாங்கோ தம்பி."

அந்த மரியாதையில் எனக்கு விளங்கிவிட்டது. யாருக்கு, என்ன என்று தெரியாது. ஆனால் யாருக்கோ ஏதோ ஆகிவிட்டது, அது திருப்பிச் செய்ய ஏலாத ஒன்று என்று தெரிந்தது. கீழே இறங்கப் பதினாலு நிமிடம் எடுத்தது. வழக்கமாக ஒன்பது போதும். ஒவ்வொரு தட்டிலும் நின்று கொளுக்கியை இரண்டு தரம் இழுத்துப் பார்த்தேன். உண்மையைச் சொன்னால், இறங்காமல் இருப்பதற்கு அது ஒரு வழி. கீழே யூட் அண்ணை தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். உன் அம்மா முன்பள்ளியில் பிள்ளைகளைக் கைகழுவ வரிசையில் விட்டுக்கொண்டு நின்றவ, அப்படியே சரிந்துவிட்டாவாம். மூளைக்குள் ஓர் இரத்தக்குழாய் வெடித்துவிட்டது என்று பிறகு டொக்டர் சொன்னார். முன்கூட்டியே தெரிந்திருக்க வழியில்லை என்றும் சொன்னார். அவரும் என்னை மிகவும் மரியாதையாகத்தான் நடத்தினார்.

அன்றிலிருந்து எல்லாரும் மரியாதை. கோயிலில் துக்க மணி அடித்த நேரத்திலிருந்து தலைமன்னாரில் ஒருவரும் என்னை "நீ" என்று சொல்லவில்லை. என்னோடு பந்தடித்தவர்கள், என் சைக்கிளைக் கடலுக்குள் தள்ளிவிட்டவர்கள்கூட, "நீங்கள் சாப்பிட்டீங்களோ" என்று கேட்டுவிட்டு இரண்டடி தள்ளி நின்றார்கள். சேமக்காலையில் அம்மாவை அடக்கம் செய்யும்போது ஒருவர் எனக்குக் குடை பிடித்தார். அந்த நாட்களில் நான் அழவில்லை. பலர் அதைக் கவனித்தார்கள். எனக்கு உள்ளே ஒன்றும் ஓடவில்லை, மகள். மின்சாரம் நின்ற இயந்திரத்தில் மானிகள் எல்லாம் பூச்சியத்தில் நிற்குமே, அப்படி. இன்றைக்கும் ஏறக்குறைய அப்படித்தான். அதனால்தான் பேசாமல் எழுதுகிறேன்.

உனக்கு இப்போது ஒன்பது வயது. இதை இன்றைக்கு உன்னிடம் தரப்போவதில்லை. நீ வளர்ந்து, வேலைக்கோ படிப்புக்கோ கலியாணத்துக்கோ இந்தப் பக்கத்தை விட்டுப் போகும் வயதில் தருவேன். அதற்கிடையில் வேறு யாராவது வாசித்தாலும் குறையில்லை. வீட்டில் ஒரு கேள்வியைப் பிறகு பார்ப்போம் என்று தள்ளிவைத்துவிட்டு வேலைக்குப் போகிற ஆட்கள் என்னைத் தவிரவும் இருப்பார்கள். இன்று பின்னேரம் நாலு மணிக்கு உன் பெரியம்மா பாலத்துக்கு அப்பால் அரிப்பு ஊரிலிருந்து வாடகை வானில் வருகிறா. உன்னைக் கூட்டிக்கொண்டு போய்த் தன்னோடு வைத்திருந்து படிப்பிக்கப் போகிறா. நீ அறைக்குள் உடுப்பு அடுக்குகிற சத்தம் கேட்கிறது. நான் குசினியில், அடுப்புக்குப் பக்கத்து மேசையில் இருக்கிறேன். உன்னிடம் சொல்லியிருக்க வேண்டியதை, வளர்ந்த உன்னிடம் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

முதலில் நீங்கள் இரண்டு பேரும் கண்டுபிடித்த பாஷையைப் பற்றி எழுத வேண்டும். நீ வளரும்போது அதை மறந்துவிடலாம். மறந்தால், அதைத் தெரிந்த ஆள் நான் ஒருவன்தான், அதுவும் அரைகுறை.

உனக்கு ஐந்து வயது. ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். நீ மீன் முள்ளை எடுத்து ஒரு பக்கம் வைத்துவிட்டுக் கேட்டாய்.

"அம்மா, நீ அப்பாவை 'நீங்கள்' எண்டு சொல்லுறாய். அப்பா உன்னை 'நீ' எண்டு சொல்லுறார். ஏன்?"

"அவர் பெரியவர் எல்லோ."

"எவ்வளவு பெரிசு?"

"மூண்டு வயசு."

"ஆனா நீதானே உயரம்."

அம்மா என்னைவிட ஓர் அங்குலம் உயரம். கலியாணப் படத்தில் என்னை ஒரு கல்லின் மேல் ஏற்றி நிற்கவைத்ததை நீ பிறகு கேள்விப்பட்டிருப்பாய். அன்றைக்கு அம்மா சிரித்துச் சிரித்துப் புரையேறிப் போனா. நானும் சிரித்தேன், ஆனால் எனக்கு உள்ளுக்குள் ஒரு சின்னக் குத்து. காரணம் இதுதான். நல்ல நாட்களில் நான் அம்மாவைப் பாதி மரியாதையோடு "நீர்" என்பேன். "இஞ்சாரும் ஜெசி, தேத்தண்ணி இருக்கோ?" என்று. அலுத்து வந்தால் "நீ". கோபம் வந்தால் "நீங்கள்". ஒருமுறை யூட் அண்ணையும் இன்னும் இரண்டு பேரும் வீட்டில் இருந்தபோது, நான் தப்பாகச் சொன்ன ஏதோ ஒரு கணக்கை அம்மா திருத்தினா. "நீங்கள் பெரிய டீச்சர் எல்லோ, நீங்கள் சொன்னா எல்லாம் சரிதான்" என்றேன். ஆட்கள் சிரித்தார்கள். அம்மா தட்டுகளை எடுத்துக்கொண்டு உள்ளே போனா. மரியாதைச் சொல்லை எடுத்து ஒரு மனிசியை அறைய முடியும் என்று அன்று எனக்குத் தெரிந்துதான் இருந்தது. தெரிந்துதான் செய்தேன். அதற்கு நான் மன்னிப்புக் கேட்கவில்லை. அடுத்த நாள் ஒரு கிலோ விளைமீன் வாங்கி வந்தேன். அதை மன்னிப்பாக எடுத்துக்கொள்ளட்டும் என்று நினைத்தேன்.

அந்த ஞாயிறு பின்னேரம் நீங்கள் இரண்டு பேரும் பாயில் குப்புறப் படுத்துக்கொண்டு ஒரு கொப்பியில் எழுதத் தொடங்கினீர்கள். தண்ணிக்கு ஒரு சொல், மீனுக்கு ஒரு சொல், மழைக்கு ஒரு சொல், மழை வரும்போல இருந்து வராமல் போவதற்கு வேறொரு சொல். பாஷைக்குப் பெயர் வைக்கவில்லை. பெயர் வைத்தால் மற்றவர்கள் கண்டுபிடித்துவிடுவார்கள் என்றாய். முதலாவது சட்டம் நீ போட்டது. இந்தப் பாஷையில் ஆட்களுக்கு மரியாதை கிடையாது. கேட்கிற விஷயத்துக்குத்தான் மரியாதை.

"உப்பைத் தா எண்டு கேக்கிறதுக்கு மரியாதை என்னத்துக்கு? சுவாமி கேட்டாலும் உப்பு உப்புத்தான்," என்றாய்.

"அப்ப எதுக்கு மரியாதை வேணும்?" என்று அம்மா கேட்டா.

நீ கொஞ்ச நேரம் பேனையைக் கடித்துக்கொண்டிருந்தாய். "என்னில கோபமோ எண்டு கேக்கிறதுக்கு," என்றாய்.

அப்படித்தான் மூன்று படிகள் வந்தன. உப்புப் போன்ற விஷயத்துக்கு முன்னால் "ஓ" என்று சொன்னால் போதும். ஓடிக்கொண்டே கேட்கலாம், ஓடிக்கொண்டே பதில் சொல்லலாம். கதை பேசுவதற்கு "ஓலி". அதற்குக் காது கொடுப்பவர் நிற்க வேண்டும், சொல்கிறவரின் முகத்தைப் பார்க்க வேண்டும். மூன்றாவது "ஓலிமு". கேள்வி கேட்கப் போகிறவர் நிலத்தில் உட்கார்ந்து அந்தச் சொல்லை ஒரே ஒரு தரம் சொல்லுவார். சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டு இருப்பார். மற்றவர் வந்து எதிரே நிலத்தில் உட்கார்ந்த பிறகுதான் கேள்வியே வெளியே வரும். அவர் வரும்வரை இரண்டாம் தரம் கூப்பிடக்கூடாது, கையைப் பிடித்து இழுக்கக்கூடாது, அழக்கூடாது. அழக்கூடாது என்பது அம்மா சேர்த்தது. நீ அதை வைத்து ஏமாற்றுவாய் என்று அவவுக்குத் தெரியும்.

கழுதை விஷயம் உனக்கு ஞாபகம் இருக்கும் என்று நினைக்கிறேன். இல்லாவிட்டால் கேள். மன்னார் பஸ் நிலையத்துக்குப் போகிற வழியில், தெருவுக்கு நடுவே ஒரு கழுதையும் குட்டியும் நின்றன. குட்டியின் காலில் நைலோன் வலைத்துண்டு ஒன்று சுற்றியிருந்தது. நீ என் கையை உதறிவிட்டுப் போய் அந்தக் கழுதைக்கு முன்னால் தாரில் உட்கார்ந்து "ஓலிமு" என்றாய். குட்டியைத் தொடலாமா என்று தாயிடம் கேட்க வேண்டுமாம். பின்னால் பஸ். நான் உன்னைத் தூக்க வந்தேன். அம்மா என் சட்டையைப் பிடித்து நிறுத்தினா. பஸ் டிரைவர் தலையை வெளியே நீட்டினார்.

"தங்கச்சி, கழுதையார் என்ன சொல்லுறார்? எனக்கு ஒன்பது மணிக்கு முதல் போகவேணும்."

"அவ யோசிக்கிறா," என்றாய்.

"சரி, சரி. யோசிச்சு முடியச் சொல்லுங்கோ."

பஸ்ஸில் இருந்தவர்கள் சிரித்தார்கள். டிரைவர் எஞ்சினை நிறுத்திவிட்டு வெற்றிலை போட்டார். கழுதை உட்காரவில்லை, ஆனால் தலையைக் குனிந்து உன் தலைமயிரை மோந்து பார்த்தது. அது ஓம், தொடலாம் என்றுதான் அர்த்தம் என்று அம்மா தீர்ப்புச் சொன்னா. பிறகு போய் அந்த வலையை வெட்டி எடுத்தவன் நான். அன்று எனக்கு எரிச்சல்தான் வந்தது, மகள். வெயிலில் நிற்கவைத்துவிட்டீர்கள் என்று வீடு வரும்வரை முணுமுணுத்தேன். இப்போது நினைத்தால், என் கலியாண வாழ்க்கையில் அதைவிடச் சந்தோஷமான இருபது நிமிடத்தை என்னால் சொல்ல ஏலாது. அந்த இருபது நிமிடமும் முகத்தைச் சுளித்துக்கொண்டு நின்றிருக்கிறேன்.

உங்கள் பாஷையில் சேர எனக்கும் ஆசை இருந்தது. ஆனால் எனக்குத் தெரிந்த முறையில்தான் சேர வந்தேன். வேலையில் பாவிக்கும் தாளின் பின்பக்கத்தில் கோடு போட்டு ஓர் அட்டவணை செய்தேன். எந்த விஷயம் எந்தப் படி என்று. மூன்று போதாது, ஏழு வேண்டும் என்றேன். காய்ச்சல் எந்தப் படி, பள்ளிக்கூடக் காசு எந்தப் படி, வீட்டுக்கு ஆள் வந்திருக்கும்போது கேட்டால் எந்தப் படி என்று எழுதிக்கொண்டு போனேன். நீ அதை வாங்கிப் பார்த்துவிட்டுச் சொன்னாய்:

"அப்பா, இது கந்தோர் இல்லை, வீடு."

அம்மா வாயைப் பொத்திக்கொண்டு குசினிக்குள் ஓடினா. நான் தோற்றுப்போனேன். ஆனால் ஒரு விஷயத்தை மட்டும் உங்கள் பாஷைக்குள் நான் நுழைத்துவிட்டேன். அதை நீங்கள் இரண்டு பேரும் விட்டுக்கொடுத்தீர்கள். இந்தக் கடிதம் முழுக்க அதைப் பற்றியதுதான்.

காற்றாலையில் ஏதாவது பிழை வந்தால் கட்டுப்பாட்டு அறையில் ஒரு மணி அடிக்கும். திரையில் ஒரு பொத்தான் இருக்கிறது. அதை அமத்தினால் "கண்டுவிட்டேன்" என்று அர்த்தம். மணி நின்றுவிடும். பிழை அப்படியே இருக்கும், ஆறுதலாகப் போய்ப் பார்க்கலாம். ஒரு நாள் நான் உடம்பெல்லாம் கிறீசோடு வேலையால் வர, நீ வாசலில் உட்கார்ந்து "ஓலிமு" என்றாய். எனக்கு நிலத்தில் உட்காரத் தெம்பில்லை. கதவு நிலையில் விரலால் இரண்டு தட்டுத் தட்டினேன். "இதுக்கு என்ன அர்த்தம் தெரியுமோ? கேட்டிட்டன், பிறகு வாறன் எண்டு அர்த்தம். இனி இதையும் உங்கட பாஷையில சேருங்கோ," என்றேன். நீ அம்மாவைப் பார்த்தாய். அம்மா என்னைப் பார்த்தா.

"உங்களுக்குச் சத்தம் நிண்டாப் போதும், என்ன?" என்றா.

"இல்லை, உண்மையாப் பிறகு வருவன்."

"சரி. களைச்சுப்போய் வாற மனுசனுக்கு ஒரு தட்டு இருக்கட்டும்," என்று உன்னிடம் சொல்லி அதைக் கொப்பியில் எழுதவைத்தா. ஆரம்பத்தில் உண்மையாகவே பிறகு வந்தேன். குளித்துவிட்டு வந்து உட்கார்ந்தேன். சில மாதத்தில் தட்டுவது பழக்கமாகிவிட்டது. தட்டிவிட்டுப் போவேன், பின்னேரம் நீங்கள் ஞாபகப்படுத்த மாட்டீர்கள், ஏனென்றால் உங்கள் சட்டப்படி இரண்டாம் தரம் கூப்பிடக்கூடாது. ஞாபகப்படுத்தாத ஆட்களுக்குப் பிரச்சினை ஒன்றும் இல்லை என்று நான் எடுத்துக்கொண்டேன். நான் உங்கள் சட்டத்தை உடைக்கவில்லை, மகள். அதற்குள் நான் செய்த ஓட்டை வழியாக ஒவ்வொரு நாளும் வெளியே போய்க்கொண்டிருந்தேன்.

அம்மா போன அன்று காலை ஆறு இருபது. கொம்பனி வான் ஒழுங்கை முனையில் ஹோன் அடித்துக்கொண்டிருந்தது. நீ பாண் துண்டைத் தேத்தண்ணியில் தோய்த்துக்கொண்டிருந்தாய். அம்மா குசினிப் படியில் உட்கார்ந்தா. கை ஈரம், சட்டையில் துடைத்துக்கொண்டா. என்னைப் பார்த்து "ஓலிமு" என்றா.

நான் சப்பாத்துக் கயிறு கட்டிக்கொண்டிருந்தேன். நிமிர்ந்து, மேசை விளிம்பில் இரண்டு தட்டுத் தட்டினேன். அம்மா கொஞ்சம் பொறுத்துப் பார்த்தா. பிறகு எழும்பி, "சரி, பின்னேரம்," என்று தமிழில் சொன்னா. உனக்கு இன்னொரு துண்டு பாண் வெட்டப் போனா. நான் போனேன்.

கேள்வி என்னவென்று எனக்குத் தெரியாது. உங்கள் பாஷையில் ஆள் உட்காரும்வரை கேள்வி வெளியே வராதே. தலையிடிக்குது, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போறீங்களோ என்று கேட்க வந்திருக்கலாம். அதை நினைத்தால் எனக்கு எழும்பி நடக்க வேண்டியிருக்கிறது. ஆசிரியர் பயிற்சிக்கு ஒரு வருடம் வெளியே போகட்டுமா என்று கேட்க இருந்திருக்கலாம், அந்த விண்ணப்பத்தாள் அலுமாரியில் உடுப்புக்குக் கீழே இருந்தது. இன்னொரு பிள்ளை வேண்டுமோ என்றிருக்கலாம். நீ ஐந்து வயதில் சொன்னதுபோல, என்னில கோபமோ என்றுகூட இருக்கலாம். பழுதுகளைத் தேடிக் கண்டுபிடிப்பதுதான் என் தொழில். ஒரு சத்தத்தை வைத்து எந்தப் பல்லுச்சக்கரம் தேய்ந்திருக்கிறது என்று சொல்லுவேன். இதைக் கண்டுபிடிக்க என்னிடம் ஒரு சொல்லும், ஈரக் கையும் மட்டும்தான் இருக்கின்றன.

இவ்வளவும் செய்தவன் அதோடாவது திருந்தியிருக்க வேண்டும். அம்மாவின் முப்பத்தோராம் நாள் பூசை முடிந்து வீட்டில் சாப்பாடு. முற்றத்தில் தகரப் பந்தல், நிறையச் சனம், பங்குச் சுவாமி வந்திருந்தார். நான் அவர் உட்காரக் கதிரை தூக்கிக்கொண்டு போனேன். பந்தல் காலுக்குப் பக்கத்தில், மணலில், வெள்ளைச் சட்டையோடு நீ உட்கார்ந்திருந்தாய். அம்மா போன பிறகு ஒரு மாதமாக அந்தப் பாஷையில் ஒரு சொல்லும் உன் வாயில் வரவில்லை. அன்று என்னைப் பார்த்து "ஓலிமு" என்றாய். நான், மகள், கதிரையின் கையில் இரண்டு தட்டுத் தட்டினேன்.

யோசித்துச் செய்யவில்லை. கை தானாகச் செய்தது. தட்டிவிட்டு நாலு அடி போன பிறகுதான் நான் என்ன செய்தேன் என்று எனக்கே தெரிந்தது. கதிரையைப் போட்டுவிட்டுத் திரும்பி வர நீ அங்கே இல்லை. கிணற்றடியில் மற்றப் பிள்ளைகளோடு நின்றாய். நான் உன் பக்கத்தில் வந்து நிற்க, "நீங்கள் சாப்பிட்டிட்டீங்களோ அப்பா?" என்று கேட்டாய். அதுவரை என்னை "வா அப்பா, போ அப்பா" என்றுதான் சொல்லுவாய். ஊர் முழுக்க எனக்குத் தந்த மரியாதையை நான் தாங்கிக்கொண்டேன். நீ தந்ததைத் தாங்க முடியவில்லை. ஆனாலும் என்ன செய்தேன்? "ஓம்" என்றேன். சாப்பிட்டிருக்கவும் இல்லை.

அடுத்த கிழமை பெரியம்மா கதைக்க வந்தா. உன் அம்மாவின் அக்கா நல்ல மனிசி. அழுதுகொண்டே கோழி உரிக்கக்கூடிய, வேலையை நிறுத்தாத மனிசி.

"தம்பி, நீங்கள் விடிய அந்தக் கோபுரத்தில ஏறினா இறங்கப் பின்னேரம். பொம்பிளைப்பிள்ளை. ஆர் பாக்கிறது?"

"யோசிப்பம் அக்கா."

"என்னத்தை யோசிக்கிறது? எங்கட வீட்டில ரெண்டு பிள்ளையள் இருக்கினம், இவளும் சேர்ந்தா மூண்டு. பள்ளிக்கூடம் பக்கத்தில. ஞாயிற்றுக்கிழமையில நீங்கள் வந்து பாக்கலாம். நான் அவளைப் பிடுங்கிக்கொண்டு போகேல்லை தம்பி, ஜெசி இருந்தா அவவே சொல்லுவா."

"அவளிட்டக் கேட்டியளோ?"

"நீங்கள் தகப்பன். நீங்கள் கேளுங்கோ."

நான் கேட்கவில்லை. "ஓம் அக்கா, அப்படியே செய்வம்" என்றேன். பெரியம்மா சொல்லி உனக்குத் தெரியவந்தது. நீ ஒன்றும் சொல்லாததை நான் மறுபடி சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன். ஒரே பிழையை ஒருவன் எத்தனை தரம் செய்யலாம் என்று நீ கேட்டால், நான் என் கணக்கைத்தான் காட்ட முடியும்.

நீ வளர்ந்த பிறகு உனக்கு ஆட்கள் மரியாதை தருவார்கள், தராமலும் விடுவார்கள். அதில் அதிகம் மினக்கெடாதே. உன்னைக் கட்டப் போகிறவன் உன்னை "நீ" என்று சொன்னாலும் "நீர்" என்று சொன்னாலும், வெளிநாட்டுக்காரனாகி வேறு பாஷையில் எதைச் சொன்னாலும், நீ முக்கியமாக ஒன்றைக் கேட்கும்போது கையில் இருக்கிற வேலையை வைத்துவிட்டு உட்காருகிறானோ என்று மட்டும் பார். அவன் கெட்டவனாக இருக்க வேண்டும் என்றில்லை. நான் குடிக்கிறவன் இல்லை, கை நீட்டியவன் இல்லை, சம்பளத்தை அப்படியே கொண்டுவந்து கொடுத்தவன். ஊரில் என்னை நல்ல மாப்பிள்ளை என்றுதான் சொன்னார்கள். இன்னொன்றும் சொல்ல வேண்டும், இதை அம்மாவின் முன்னால் சொல்லியிருக்க மாட்டேன். அந்தச் சட்டத்தில் உங்கள் பக்கமும் ஒரு குறை இருந்தது. இரண்டாம் தரம் கூப்பிடக்கூடாது என்பது கழுதைக்குச் சரி. என்னைப் போல ஆட்களுக்குச் சரிவராது. நீ கூப்பிடு. பத்துத் தரம் கூப்பிடு. சட்டையைப் பிடித்து இழு. மரியாதைக்காக ஒரு கேள்வியை விழுங்கிவிட்டுப் பாண் வெட்டப் போகாதே.

இதுவரை எழுதிவிட்டு எழும்பி உன் அறைக்கு வந்தேன். நேரம் மூன்று இருபது. நீ கட்டிலில் முழங்காலில் நின்று சட்டைகளை மடித்து, அம்மாவின் பழைய பெட்டிக்குள் வைத்துக்கொண்டிருந்தாய். பாஷைக் கொப்பி பெட்டிக்குள் இருக்கிறதோ என்று பார்த்தேன், தெரியவில்லை. நான் வாசல் சீமெந்தில் உட்கார்ந்தேன். எனக்கு இந்தப் பாஷையில் கேட்கும் பழக்கம் இல்லை. நான் எப்போதும் கேட்கப்பட்டவன். "ஓலிமு" என்றேன்.

நீ கையை நிறுத்தினாய். திரும்பிப் பார்க்கவில்லை. பெட்டிக்குள் பார்த்துக்கொண்டு நின்றாய். பிறகு இன்னொரு சட்டையை எடுத்தாய்.

"பொறு அப்பா," என்றாய். "இன்னும் ரெண்டு சட்டை கிடக்கு."

என்னிடம் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. நீ போக விரும்புகிறாயோ என்பது ஒன்று. அன்று பந்தலில் என்ன கேட்க வந்தாய் என்பது மற்றது. முதலாவதற்கு நீ "போறன்" என்றால், பெட்டியைத் தூக்கி வானில் ஏற்றுவேன், ஞாயிறுதோறும் அரிப்புக்கு வருவேன். "இல்லை" என்றால், வேலையை மாற்றச் சொல்லி யூட் அண்ணையிடம் கேட்பேன். நிலத்தில் செய்கிற வேலையும் அங்கே இருக்கிறது. பெரியம்மாவின் கோபத்தையும் நான்தான் வாங்க வேண்டும். இரண்டாவதற்கு நீ பதில் சொல்லாமலும் விடலாம். எதுவென்றாலும் இந்த முறை உன் வாயால் கேட்டுத்தான் செய்யப்போகிறேன்.

நீ இரண்டு சட்டை என்றாய். நாலாவதை மடிக்கிறாய். மடித்ததை விரித்து மறுபடி மடிக்கிறாய். நான் இரண்டாம் தரம் கூப்பிடவில்லை. தாளை முழங்காலில் வைத்து எழுதுகிறேன். அதுகூட இந்தப் பாஷையில் சரியோ பிழையோ தெரியவில்லை, நீ வந்து எதிரே உட்கார்ந்ததும் பேனையை வைத்துவிடுவேன். பெரியம்மா போன் எடுத்தா, மன்னார்ப் பாலம் தாண்டிவிட்டோம், பிள்ளையை வெளிக்கிடுத்தி வையுங்கோ என்றா. வேலையிடத்திலிருந்தும் இரண்டு தரம் எடுத்தார்கள். மறுபடியும் அது அடிக்கத் தொடங்க, நீ சட்டையைப் பிடித்தபடியே முதல் தரம் என்னைத் திரும்பிப் பார்த்தாய். போனை நிறுத்திவிட்டேன்.